மூக்கு லாரியும் கிணத்து இஞ்சினும்

எங்கிட்ட இருந்தது மூக்கு லாரி. இப்ப ஓடுற லாரியெல்லாம் மூஞ்சியைத் தட்டையா வச்சுக்கிட்டு வருதுல்லா, அது மாதிரி இல்ல. டிரைவருக்கு முன்னால இஞ்சினுக்குன்னு தனியா ஒரு அறை, அதுக்கு ரெண்டு பக்கமும் தூக்குற மாதிரி மூடி, எல்லாம் சேந்து நீட்டிக்கிட்டு ஒரு மூக்கு. ரெண்டாயிரம் பொறந்த பொறவும் கோவில்பட்டியில அந்த மாதிரி வண்டியில தண்ணி ஓட்டுனவன் நான் ஒருத்தன்தான். பெருமைக்குத்தான் சொல்லுதேன். பெருமையை வாய்க்குள்ள வச்சுக்கிட்டு இருக்க எனக்கு வராது. என் வீட்டுக்காரியைக் கேட்டா இதை இன்னும் நல்லாச் சொல்லுவா.

இன்னொன்னையும் அவ சொல்லுவா. நான் டீசல் விசயத்துல மகா கஞ்சன். ரயில்வே கேட்டுல வண்டி நின்னா இஞ்சினை அணைச்சிருவேன். டீக்கடையில நின்னா அணைச்சிருவேன். பக்கத்து வண்டிக்காரன் அணைக்காம நின்னான்னா அவன்கிட்டயும் சண்டைக்குப் போவேன். 'உங்க வீட்டு டீசலா அண்ணாச்சி எரியுது'ன்னு ஒருத்தன் கேட்டுட்டான். அதுக்கும் நான் சும்மா இருக்கல.

வருசா வருசம் மழை தப்பின காலம் அது. கயத்தாத்துப் பக்கம் ஒரு தோட்டத்துப் போர்ல தண்ணி பிடிச்சு, கோவில்பட்டித் தெருக்களுக்கும் தீப்பெட்டி ஆபீசுகளுக்கும் கொண்டுவந்து ஊத்துறதுதான் நம்ம சோலி. அப்படி ஒரு நடையில, தண்ணி நிறைஞ்ச வண்டி மேட்டுல ஏறும்போது இஞ்சினுக்குள்ள சம்மட்டியால அடிச்ச மாதிரி ஒரு சத்தம். இறங்கி மூடியைத் தூக்குனா, உள்ள இருக்க வேண்டிய கனெக்டிங் ராடு முறிஞ்சு இஞ்சின் பிளாக்கையே பொத்துக்கிட்டு வெளிய எட்டிப் பாக்குது. ரோடு பூரா கறுப்பு ஆயில். நான் அப்படியே ரோட்டோரத்துல உக்காந்துட்டேன். இரும்பு இரும்பைக் கிழிச்சிருக்கு. இம்புட்டுப் பலத்தையா இத்தனை வருசமா என் முழங்காலுக்கு முன்னால வச்சு ஓட்டுனேன்னு நெனைச்சேன்.

கட்டி இழுத்துக்கிட்டு பைபாஸ் ஓரத்துல இருக்க பட்டறைக்குப் போனோம். அங்க உள்ள மெக்கானிக் எனக்குச் சோட்டுக்காரன், ஒரே வயசுக் கூட்டாளி. எங்க ரெண்டு பேருக்கும் பேச ஆரம்பிச்சா சண்டையில்தான் முடியும், ஆனா வேற பட்டறைக்கு நான் போனதும் இல்ல, அவரு என்னை விட்டதும் இல்ல. அவரு பொத்தலுக்குள்ள விரலை விட்டுப் பாத்துட்டு, "பிளாக்கு போச்சு வே. இனி இதை எவனும் ஒண்ணும் பண்ண முடியாது. இதே ஜாதியில பழைய இஞ்சின் கிடைச்சா அப்படியே தூக்கி வைக்கலாம். அது நீரு தலைகீழா நின்னாலும் கிடைக்காது. இல்லன்னா இந்தா, இதைப் பாரும்"னு கொட்டகைக்குள்ள கூட்டிட்டுப் போனாரு.

உள்ள ஸ்டாண்டுல ஒரு புது இஞ்சின் நின்னுச்சு. வாங்கின கையோட கவுந்த ஒரு லாரியில இருந்து கழட்டுனது. டர்போ வச்சது. அதை ஓட விட்டாரு பாருங்க. சத்தம்னு ஒண்ணு இல்ல, சீட்டி அடிக்கிற மாதிரி மெல்லிசா ஒரு ஊதல். அவரு குடிச்சுக்கிட்டு இருந்த டீக்கிளாசை அது தலையில வச்சாரு. டீ அலுங்கல. ஏறக்குறைய என் பழைய இஞ்சின்ல பாதி உருவம், பலம் அதைவிட ஒருமடங்கு கூட, டீசலும் கம்மியாக் குடிக்குமாம். திருநெல்வேலி ரோட்டுல மூக்கைப் பிடிச்சுக்கிட்டு என்னைத் தாண்டிப் போற டேங்கர்க்காரன் ஒவ்வொருத்தன் மூஞ்சியும் எனக்கு ஞாபகம் வந்துட்டு. மனுசன் எப்படித்தான் இதையெல்லாம் உண்டாக்குதானோன்னு அதைச் சுத்திச் சுத்தி வந்தேன். தொட்டுப் பாத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போயி சோறு இறங்கல, அம்புட்டு ஆசை.

வீட்டுக்காரி நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, "பழைய இஞ்சின் கிடைக்காதுன்னு அவிய எப்படிச் சொன்னாவ? எங்க ஊர்க் கிணத்துல ஒண்ணு கெடக்கே"ன்னா. அவ பொறந்த ஊர் இடைசெவலுக்குக் கிழக்க, ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கன ஒரு குடும்பம் ஒடைச்ச லாரியில இருந்து இஞ்சினை வாங்கிட்டு வந்து, கிணத்து மேட்டுல வச்சு பம்புக்குப் பூட்டி, பருத்திக்கும் மிளகாய்க்கும் தண்ணி இறைச்சது எனக்கும் தெரியும். கரிசக்காட்டுல லாரி இஞ்சின் கிணத்துல ஓடுறது அதிசயமில்ல. ஆனா அது என் இஞ்சின் ஜாதியான்னு நான் ஒருநாளும் குனிஞ்சு பாத்ததில்ல.

"கிணத்துல கெடக்குறதை எடுத்தா அவங்க எதை வச்சு இறைப்பாங்க?"ன்னேன்.

"எதை இறைக்க? கிணறு வத்தி ரெண்டு வருசம் தாண்டிட்டு. அந்த வீட்டு மருமக இருக்காள்லா, அவ வீட்டுக்காரரு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டாரு. அவ ஆட்டை வச்சுக்கிட்டுத் தனியாக் கெடக்கா. ஓடையில தோண்டுன குழியிலதான் ஆட்டுக்குத் தண்ணி. அதுவும் இப்ப ஊறல. வர்ற சந்தைக்கு எல்லாத்தையும் அடியோட எட்டயபுரம் கொண்டு போறதாப் பேச்சு. யாவாரி வந்து பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டான்."

சரி, போய்ப் பாத்துட்டு 'இது ஆகாது'ன்னு சொல்லிட்டு வந்துருவோம், பொறவு புதுசை நிம்மதியாப் பூட்டலாம்னுதான் கிளம்புனேன். மெக்கானிக்கையும் இழுத்துக்கிட்டேன். மொபெட்ல அவரு ஓட்ட, பின்னால நான் லாரி பேட்டரியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்து போனேன். வண்டித்தடம் பூரா வெடிச்சுக் கெடந்துச்சு. ஒவ்வொரு வெடிப்பும் கால் போற அகலம். மழை பெஞ்சா இதே மண்ணு காலை விடாது, காஞ்சா இப்படிப் பொளந்துக்கிட்டு நிக்கும்.

கிணத்து மேட்டுல வேப்பமரத்துக்குக் கீழ, தார்ப்பாயும் சாக்கும் போத்தி இஞ்சின் நின்னுச்சு. அந்தம்மா வந்து போர்வையை எடுத்தாங்க. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கையில ஆட்டுக்கம்பு. இஞ்சின் மேல சரஸ்வதி பூசைக்கு வச்ச சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. துரு இல்ல. மெக்கானிக் குனிஞ்சு வார்ப்பைப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு. அதே ஜாதி. என் இஞ்சினுக்குக் கூடப் பொறந்தது.

"ரெண்டு வருசம் ஓடாம நின்னா உள்ள இறுகிப் போயிருக்கும்"னேன் நான், ஆகாதுன்னு சொல்ல ஒரு சாக்கு கிடைச்ச சந்தோசத்துல.

"இறுகல அண்ணாச்சி. அவிய போறப்ப சொல்லிட்டுப் போனாவ, வெள்ளிக்கெழமைதோறும் கம்பியைக் கொடுத்துச் சக்கரத்தைக் கொஞ்சம் நெம்பி விடுன்னு. விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஓட்டவே போறதில்ல, பொறவு எதுக்குத் தாயி?"

"மழை வந்து ஊத்து திறந்தா அப்ப வேணுமில்லா?" சொல்லிட்டு அவங்க கிணத்துப் பக்கம் பாத்தாங்க. நானும் பாத்தேன். அடியில ஒரு செருப்பும் கொஞ்சம் சருகும் கெடந்துச்சு.

"அப்படின்னா இப்ப ஏன் குடுக்கீங்க?"

"ஆடு இல்லாமப் போனா எனக்குக் கிணறு எதுக்கு, இஞ்சின் எதுக்கு? நீங்க ரூவா ஒண்ணும் தர வேண்டாம். கொண்டு போங்க. எனக்குத் தண்ணியாத் தாங்க. வாரத்துல ரெண்டு மட்டம் இந்தத் தொட்டியை நெறச்சாப் போதும், மழை வருத மட்டும். அதுவும் சந்தைக்கு முந்தித் தந்தாத்தான் புண்ணியம்."

தொட்டின்னு அவங்க காட்டுனது பம்பு வாய்க்குக் கீழ நீளமா கெடந்த கல்தொட்டி. பொட்டு ஈரம் இல்ல. மெக்கானிக் பேட்டரி வயரைப் பூட்டி, டப்பாவுல கொண்டுபோன டீசலை ஊத்தி, காத்தை எடுத்து விட்டு, பம்புப் பெல்ட்டைக் கழட்டிட்டு, "தள்ளி நில்லும்"னாரு.

ரெண்டு தடவை முக்கிச்சு. மூணாவதுக்குக் கறுப்பாப் புகையைக் கக்கிட்டு, இஞ்சின் ஓட்டம் எடுத்துட்டு.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்லுவேன். புதுசு மாதிரி ஊதல் கிடையாது. தொண்டையைச் செருமிட்டு அடிவயித்துல இருந்து பேசுற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, கனமா. அது கிணத்துக்குள்ள போயி அடிச்சுத் திரும்பி வருது. என் காலுக்குக் கீழ மண்ணு அதிருது. ரெண்டு வருசம் சாக்குப் போத்திக் கெடந்த இரும்பு, நேத்து அணைச்சுப் போட்டது மாதிரி ஓடுது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. மெக்கானிக் நிக்காருன்னு கும்பிடல.

அப்பதான் வேலிக்கருவைக் காட்டுக்குள்ள இருந்து புழுதி கிளம்புச்சு. அங்கன நெத்து பொறுக்கிக்கிட்டு இருந்த ஆட்டுக்கூட்டம் பூரா ஓடி வருது. நாய் இல்ல, பத்துறதுக்கு ஆள் இல்ல. முன்னால கெழட்டு ஆடுக, பின்னால குட்டிக. நேரா வந்து கல்தொட்டியில வரிசையாத் தலையைக் கவுத்துச்சு. ஒண்ணும் இல்லாத கல்லை நக்கிச்சு. ஊருக்குள்ள இருந்து ரெண்டு பொம்பளைங்க குடத்தோட ஓடி வந்துட்டாங்க. "கிணத்துல தண்ணி வந்துட்டா"ன்னு ஒருத்தி கேட்டா. அவ கேட்டது யாரையும் இல்ல, இஞ்சினைத்தான்.

"அணைச்சிருங்க அண்ணாச்சி"ன்னாங்க அந்தம்மா, ஆட்டைப் பாக்காம.

அணைச்சாரு. சத்தம் நின்ன ஒடனே ஆடுக தலையைத் தூக்கிட்டு, கொஞ்ச நேரம் பம்பு வாயைப் பாத்து நின்னுச்சு. பொறவு ஒவ்வொண்ணாத் திரும்பிக் கருவைக்குள்ள போச்சு. குடம் கொண்டாந்தவங்க குடத்தை இடுப்புல மாத்திக்கிட்டுத் திரும்பினாங்க. நாங்க மூணு பேரும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு நின்னோம்.

திரும்பி வரும்போது ஓடையில மொபெட்டை நிறுத்தச் சொன்னேன். கரை செங்குத்தா இல்ல, ஆனா மணலும் கட்டியும் கலந்து நீளமான ஏத்தம். "தண்ணி நெறஞ்ச வண்டி இதுல நடக்குற வேகத்துலதான் ஏறணும். புது இஞ்சின் ஏறுமா?"ன்னு கேட்டேன்.

அவரு பொய் சொல்ல மாட்டாரு, அது ஒண்ணுதான் அவருகிட்ட உள்ள நல்ல குணம். "ஏறும். கிளச்சை அரைச்சுக்கிட்டு ஏறும். அது வேகமாச் சுத்துனாத்தான் டர்போ மூச்சு விடும். மெதுவாப் போனா அதுக்குப் பலம் கிடையாது. பழசு அப்படி இல்ல, மெதுவாப் போகப் போகத்தான் இழுக்கும். நீரு ரோட்டுல ஓடப் போறீரா, காட்டுல ஓடப் போறீரா, அதைச் சொல்லும்."

நான் ஓடுறது ரோட்டுலதான். என் பொழப்பு பூரா ரோட்டுலதான். கணக்குப் பாத்தா அந்தப் புது இஞ்சினை விட்டவன் முட்டாள். அதைச் சுத்திச் சுத்தி வந்த ஆசை இன்னும் நெஞ்சுல அப்படியே கெடக்கு. "காட்டுல"ன்னேன். அவரு மொபெட்டை ஒதைச்சாரு. பட்டறை வருத மட்டும் ஒரு வார்த்தை பேசல, வந்த பொறவு பேசுனதை எழுத முடியாது.

மறுநாளே டிராக்டரைக் கொண்டுபோய் அந்தக் கிணத்து இஞ்சினைத் தூக்கிட்டு வந்தோம். சந்தை நாள் நெருங்கிட்டு. என் வீட்டுக்காரி காலையில எழுந்திரிச்சதும் மொதக் கேள்வியா, "பூட்டியாச்சா?"ன்னு கேப்பா. "ஏட்டி, அது என்ன மாட்டுவண்டியா"ன்னு நான் கத்துவேன். பட்டறைக்குப் போயி அதே கேள்வியை நான் மெக்கானிக்கிட்ட கேப்பேன். அவரு என்னைக் கத்துவாரு. திட்டிக்கிட்டே அவரு அதைப் பிரிச்சு, கழுவி, தேஞ்சதை மாத்தி, மறுபடி கூட்டுனாரு. செயின் பிளாக்குல தொங்க விட்டு மூக்குக்குள்ள இறக்குன நேரம் நான் பக்கத்துல நின்னேன். ஒரு இடத்துல ராவ வேண்டாம், ஒரு இடத்துல வெட்ட வேண்டாம். நாலு காலும் பழைய ஓட்டைக்கு மேல போயி அதது இடத்துல உக்காந்துச்சு. எவனோ ஒருத்தன் எந்தக் காலத்துலயோ வார்த்தது, எங்கயோ ஓடி, கிணத்துல கெடந்து, வந்து இங்கன உக்காருது. "பாத்தீரா வே"ன்னாரு மெக்கானிக். அவருக்கும் கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு. டீசல் புகைன்னு சொன்னாரு.

சந்தைக்கு மொத நாள் காலையில தண்ணி பிடிச்சு, டேங்கு நெறைய ஏத்திக்கிட்டு கிளம்புனேன். வீட்டுக்காரி பக்கத்துல ஏறி உக்காந்துக்கிட்டா. எனக்கு ஒரே ஒரு பயம்தான். அந்த ஆட்டை ஒரு தடவை ஏமாத்தியாச்சு. இனி இந்தச் சத்தத்தை அது நம்புமா? தொட்டியைத் தண்ணி வச்சு நெறைச்சுட்டு, ஆட்டைத் தேடிக்கிட்டுக் கருவைக்குள்ள அலையணுமோ?

ஓடை வந்துச்சு. மொத கியரைப் போட்டு விட்டேன். டேங்குல தண்ணி பின்னால தளும்பி வண்டியைக் கீழ இழுக்குது, இஞ்சின் மேல இழுக்குது. சத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது, நின்னுரும்னு நெனைக்கிற எடத்துலயும் நிக்கல. ஒவ்வொரு அடியையும் எண்ணி வைக்கிற மாதிரி ஏறுச்சு. பக்கத்துல நடந்து வந்த ஒரு ஆளு எங்களைத் தாண்டிப் போயி, கரையில நின்னு பாத்தாரு. மேட்டுல ஏறுனதும் என் வீட்டுக்காரி, "நம்ம கிணத்துச் சத்தம்ங்க இது. நான் சின்னப் பிள்ளையில கேட்டது"ன்னா. நான் ரோட்டைப் பாத்து ஓட்டுனேன்.

ஊரு முக்குல ஆட்டு வேன் நின்னுச்சு. யாவாரி ஒரு நாள் முந்தியே வந்துட்டான். வேனுக்குப் பின்னால ஆடு பூரா கூடி நிக்குது, ஒவ்வொண்ணு முதுகுலயும் செகப்புச் சாயம். ரெண்டு ஆடு ஏற்கெனவே மேல நிக்குது. அந்தம்மா வேன் ஓரமாச் சாஞ்சு முந்தியை வாயில வச்சுக்கிட்டு நின்னாங்க. நான் நிறுத்தி எதையாவது சொல்லணும்னு வாயைத் தொறக்கேன், அதுக்குள்ள மூக்குக்குள்ள இருந்து வந்த சத்தம் அதுககிட்டப் போய்ச் சேந்துட்டு.

காதைத் தூக்குச்சு. யாவாரி கையில பிடிச்சிருந்த ஆடு திமிறி அவனைக் கீழ தள்ளிட்டு. வேன்ல நின்ன ரெண்டும் குதிச்சிட்டு. அம்புட்டும் ஓடுது. என் லாரிப் பக்கம் ஒரு ஆடு வரல. தண்ணி இருக்குறது இங்கன, அதுக ஓடுறது காஞ்ச கிணத்தைப் பாத்து. எத்தனை தடவை ஏமாந்தாலும் அந்தச் சத்தத்தை நம்புறதுன்னு அதுக முடிவு பண்ணிட்டு. "என்னங்க, என்னத்தப் பாக்கீங்க, விடுங்க கிணத்துக்கு"ன்னு வீட்டுக்காரி தொடையில அடிச்சா.

தடத்தை விட்டு, வெடிச்ச காட்டுக்குள்ளயே வண்டியை இறக்கி, மேட்டுக்குப் பின்னோக்கி விட்டேன். குழாயைத் தொட்டியில போட்டுத் திருகைத் தொறந்தேன். ஆடுக வரிசையாத் தலையைக் கவுத்துச்சு. இந்தத் தடவை கல்லை நக்கல. குடிக்கிற சத்தம் இஞ்சின் சத்தத்துக்கு ஊடயும் கேட்டுச்சு. அந்தம்மா ஓடி வந்து தொட்டி ஓரத்துல முழங்கால் போட்டு, தண்ணிக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டாங்க. ஆட்டைத் தடவல, என்னைப் பாக்கல, தண்ணிக்குள்ள கையை அப்படியே வச்சுக்கிட்டு இருந்தாங்க. யாவாரி கயிறும் கையுமா வந்து கொஞ்ச நேரம் பாத்தான். பொறவு அவனும் குழாயில வாயை வச்சுக் குடிச்சிட்டு, கயித்தைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, வெறும் வேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

வண்டி நின்னா இஞ்சினை அணைக்கிறது எனக்கு ரத்தத்துல ஊறுன பழக்கம். தண்ணி தானா இறங்குது, இஞ்சின் எதுக்குன்னு போயி அணைச்சேன்.

அம்புட்டு ஆடும் ஒரே நேரத்துல தலையைத் தூக்கிட்டு. தொட்டி பாதிக்கு மேல தண்ணி நிக்குது, குழாயில இன்னும் விழுந்துக்கிட்டு இருக்குது, ஆனா ஒரு ஆடு குடிக்கல. வாயில தண்ணி சொட்டச் சொட்டக் குழாயைப் பாத்துச்சு. ஒரு கெழட்டு ஆடு கருவைப் பக்கம் திரும்பிட்டு.

"அணைக்காதீங்க அண்ணாச்சி"ன்னாங்க அந்தம்மா, தண்ணிக்குள்ள இருந்து கையை எடுக்காம. "சத்தம் நின்னா தண்ணி நின்னுட்டுன்னு அதுக்கு நெனப்பு."

ஓடிப்போயி எடுத்தேன். ஒரே தடவையில ஓட ஆரம்பிச்சுட்டு. தலையெல்லாம் மறுபடி கீழ போச்சு. வீட்டுக்காரி டீசல் முள்ளைப் பாத்தா, என் மூஞ்சியைப் பாத்தா. நான் மூடியைத் தூக்கி வச்சுட்டு, அந்த இஞ்சின் ஓடுறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். கடைசி ஆடு தானாத் தலையைத் தூக்கித் திரும்பிப் போற மட்டும் நான் அதை அணைக்கல.